கமரா எல்லாரையும் பார்க்கட்டும்

“வேகக் கட்டுப்பாட்டை இழந்த மோட்டார் சைக்கிள் மதிலுடன் மோதியதில் இளைஞர் ஸ்தலத்திலேயே பலி.”

இந்த வசனத்தை நாங்கள் எத்தனை தரம் வாசித்திருப்போம்? ஊரின் பெயரையும் வயதையும் மாற்றினால் போதும், மிச்சமெல்லாம் அச்சுக் கோர்த்து வைத்தது போல அப்படியே இருக்கும். பின்னேரம் பேஸ்புக்கில் கண்ணீர் அஞ்சலி வரும். அடுத்த நாள் சந்தியில் பனர் கட்டப்படும். அதற்குக் கீழே பெரியாக்கள் நின்று கதைப்பினம்: “இந்தக் காலத்துப் பொடியளுக்குச் சொல்லிக் கேளாது.” முப்பத்தோராம் நாள் முடிய பனர் வெயிலில் வெளிறிப் போகும். பிறகு அதே கம்பத்தில் வேறொரு முகம் ஏறும்.

உலக வங்கி 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி இலங்கையில் வருடத்துக்கு ஏறத்தாழ 38,000 வீதி விபத்துகள் நடக்கின்றன. ஏறத்தாழ 3,000 பேர் இறக்கிறார்கள், 8,000 பேர் கடுமையாகக் காயப்படுகிறார்கள். அதாவது ஒரு நாளைக்கு எட்டுச் சாவு. இதில் கூடுதலாகச் சாகிறவர்கள் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களும் வீதியில் நடந்து போகிறவர்களும். சொகுசு வாகனத்தில் பெல்ட் போட்டுப் போகிறவர்கள் இல்லை. சைக்கிளில் வேலைக்குப் போகிற ஐயாவும் ரியூசன் முடிந்து வருகிற பிள்ளையும்தான் இந்தக் கணக்கில் வருகினம்.

இதை “விதி” என்று சொல்லிக்கொண்டு நாங்கள் இன்னும் எத்தனை அந்தியேட்டிக்குப் போகப் போகிறோம்?

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஏ9 வீதியிலும் வடக்குக் கிழக்கின் மற்றப் பிரதான வீதிகளிலும் தானியங்கி வேகக் கமரா வேண்டும். இதைச் சொன்ன உடனே எங்கட வட்டத்திலேயே இரண்டு விதமான கோபம் வரும் என்று தெரியும். “ஏற்கெனவே காணும் எங்களைக் கண்காணிக்கிறது, இன்னும் கமரா கேக்கிறியளோ?” என்பது ஒன்று. “கமரா பூட்டினால் எல்லாம் சரி, பிறகென்ன கட்டுரை?” என்பது மற்றது. இரண்டு பக்கத்தோடும் எங்களுக்குச் சண்டை இருக்கிறது.

இப்ப இருக்கிற முறை யாருக்காக?

இப்போது வேகத்தைப் பிடிக்கிற முறை எங்கள் எல்லாருக்கும் பாடம். ஒரு வளைவு முடிகிற இடத்தில், மர நிழலில் இரண்டு ட்ரபிக் பொலிஸ்காரர் நிற்பார்கள். ஒருவர் கையில் ஸ்பீட் கன். எதிரே வருகிற பஸ் இரண்டு தரம் லைட் அடிக்கும். உடனே எல்லாரும் பிள்ளைகள் மாதிரி ஐம்பதில் போவோம். பொலிஸைத் தாண்டி ஒரு கிலோமீற்றர் போன பிறகு, விட்ட நேரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற வேகத்தில் முறுக்குவோம். இந்தக் கூத்தில் வீதி எங்கே பாதுகாப்பாகிறது? பாதுகாப்பானது அந்த ஒரு கிலோமீற்றரும் அந்த அரை மணித்தியாலமும்தான்.

அதிலும் யாரை மறிக்கிறார்கள்? மோட்டார் சைக்கிளை மறிப்பது லேசு. ஓட்டோவை மறிப்பது அதைவிட லேசு. மணல் ஏற்றின டிப்பர் நூறில் வரும்போது கை நீட்ட யாருக்குத் துணிவு? அரசியல்வாதியின் பெயர் சொல்லிப் போகிற பிக்கப்பை யார் நிறுத்துவது? ஆமி ட்ரக்கை ட்ரபிக் பொலிஸ் மறித்து வேகம் பார்த்ததை எங்களில் ஒருவராவது கண்டிருக்கிறோமா?

மறித்த பிறகு நடப்பதும் தெரியும். வழமையான முறையில் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு தண்டத் துண்டு தருவார்கள். அதைக் கொண்டு தபால் கந்தோருக்குப் போய்க் காசு கட்டவேண்டும். ரசீதோடு திரும்ப அந்தப் பொலிஸ் நிலையத்துக்குப் போய் லைசன்ஸை எடுக்கவேண்டும். வவுனியாவில் பிடிபட்ட பருத்தித்துறைக்காரருக்கு இது ஒரு முழுநாள் வேலை. நாள் கூலிக்காரருக்கு ஒருநாள் சம்பளம். தண்டத்தைவிட அலைச்சலுக்குத்தான் செலவு கூட. அப்போதுதான் “சேர், பாத்துச் செய்யுங்கோ” என்ற வசனம் பிறக்கிறது. லஞ்சம் கொடுக்கிறவரையும் வாங்குகிறவரையும் மட்டும் திட்டிப் பயனில்லை. லஞ்சம்தான் மலிவான வழி என்று ஆக்கி வைத்திருப்பது அந்த முறை. 2025இல் கவ்பே ஊடாக, நின்ற இடத்திலேயே போனில் தண்டம் கட்டும் வசதி தொடங்கியது. நல்ல விசயம். ஆனால் யாரை மறிப்பது, யாரை விடுவது என்ற முடிவு இன்னும் வீதியோரத்தில் நிற்கிற ஆளின் கையில்தான் இருக்கிறது.

அந்தக் கை எங்களுக்கு வெறும் கையாகத் தெரிவதில்லை. 2016 ஒக்டோபர் 20ஆம் திகதி இரவு கொக்குவில் குளப்பிட்டியில் மோட்டார் சைக்கிளில் போன யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் இருவருக்கு நடந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். நிறுத்தச் சொல்லி நிற்கவில்லை என்று பொலிஸார் சுட்டார்கள். இருவரும் இறந்தார்கள். வீதி விபத்து என்றுதான் முதலில் செய்தி வந்தது. துவக்குச் சூடு என்ற உண்மை பிரேத பரிசோதனைக்குப் பிறகுதான் வெளியில் வந்தது. இதைத் தெரிந்துகொண்டு வளர்ந்த எங்களுக்கு, இரவில் ரோச் லைட்டோடு வீதிக்குக் குறுக்கே வருகிற உருவம் “போக்குவரத்து ஒழுங்கு” என்று விளங்குமா?

கமராவை நாங்கள் கேட்பதற்கு முதல் காரணம் இதுதான். வேகத்துக்குத் தண்டம் விதிக்க ஒரு மனிதர் இன்னொரு மனிதரை இருட்டில் மறிக்கத் தேவையில்லை. வேகம் பதிவாகட்டும், கடிதம் வீட்டுக்கு வரட்டும். கமராவிடம் துவக்கு இல்லை. கமராவிடம் “பாத்துச் செய்யுங்கோ” என்று சொல்லவும் ஏலாது.

வேகம் என்றால் என்ன?

எங்கட பொடியள் சிலர் வேகத்தைத் தனிப்பட்ட சுதந்திரம் மாதிரிக் கதைப்பினம். “எனக்கு ஓடத் தெரியும்” என்பினம். உங்களுக்கு ஓடத் தெரியும், சரி. கட்டாக்காலி மாட்டுக்கு ஓடத் தெரியுமா? பின் லைட் இல்லாமல் இரவில் போகிற லான்ட்மாஸ்டரை உங்கட திறமை தூரத்தில் இருந்தே காட்டித் தருமா?

கணக்கு லேசானது. மணிக்கு 70 கிலோமீற்றரில் போகிற வாகனம் 100இல் போனால், அது மோதும் சக்தி இரண்டு மடங்காகிறது. வேகம் கூடுவது ஒன்றரை மடங்குகூட இல்லை, ஆனால் அடி இரட்டிப்பு. ஒரு வீதியின் சராசரி வேகம் 1 வீதம் கூடினால் உயிர் போகும் விபத்துக்கான ஆபத்து 4 வீதம் கூடுகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

இப்படி ஓடி மிச்சம் பிடிப்பது எவ்வளவு? யாழ்ப்பாணத்தில் இருந்து வவுனியாவுக்கு ஏறத்தாழ 140 கிலோமீற்றர். எங்கும் நில்லாமல் 70இல் போனால் இரண்டு மணித்தியாலம். 100இல் போனால் 1 மணித்தியாலம் 24 நிமிடம். மிச்சம் 36 நிமிடம். அதுவும் கடதாசியில்தான். கொடிகாமம், பளை, பரந்தன், கிளிநொச்சி, மாங்குளம் என்று ஊருக்கு ஊர் வேகம் குறைக்கவேண்டிய வீதியில் உண்மையில் மிச்சம் வருவது அதைவிடக் குறைவு. ஒரு தேத்தண்ணிக் கடையில் நின்று கதைக்கிற நேரத்துக்காக மற்றவர்களின் உயிரைப் பணயம் வைக்கிறோம்.

ஏ9 எங்களுக்கு வெறும் தார் வீதியில்லை என்பது தெரியும். 2006இல் மூடி, போர் முடிந்த பிறகு திறந்த பாதை. கப்பலுக்கும் பிளேனுக்கும் பாஸ் எடுத்துக் காத்திருந்தவர்களுக்கு அது திறந்தது பெரிய விசயம். பிறகு காபெட் போட்டார்கள். குண்டும் குழியுமாக இருந்த வீதி ஒரேயடியாக வழுக்கிக்கொண்டு போகிற நேர்கோடாக மாறியது. ஆனால் அந்த நேர்கோட்டின் இரண்டு பக்கத்திலும் சனம் இருக்கிறது. பள்ளிக்கூடம் இருக்கிறது, சந்தை இருக்கிறது, மீள்குடியேறின வீடுகள் இருக்கின்றன. அறிவியல் நகரில் எங்கட கம்பஸின் பீடங்கள் இருக்கின்றன. வாகனத்துக்கு வீதி போட்டார்கள், கடக்கிற ஆளுக்கு என்ன செய்தார்கள்?

கமரா உண்மையில் வேலை செய்கிறதா?

செய்கிறது. பல நாடுகளில் நடந்த 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2010ஆம் ஆண்டு கொக்ரேன் மீளாய்வு ஒன்று இருக்கிறது. வேகக் கமரா இருக்கும் இடங்களைச் சுற்றி உயிரிழப்பும் கடும் காயமும் ஏற்படுத்தும் விபத்துகள் 11 முதல் 44 வீதம் வரை குறைந்ததாக அதில் காட்டியிருக்கிறார்கள். பிரான்ஸ் 2003இல் தானியங்கிக் கமராவைத் தொடங்கியது. 2002இல் அங்கே வீதியில் 7,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், 2010இல் அந்தத் தொகை 4,000க்குக் கீழே வந்தது. எல்லாம் கமராவால்தான் என்று சொல்லமாட்டோம், வேறு நடவடிக்கைகளும் சேர்ந்துதான் நடந்தன. ஆனால் கமரா இல்லாமல் அது நடந்திருக்காது.

எங்களுக்கு இன்னும் பொருத்தமான உதாரணம் ஒன்று இருக்கிறது. ஸ்கொட்லாந்திலும் ஒரு ஏ9 வீதி ஓடுகிறது. அதுவும் நாட்டின் வடக்குக்குப் போகிற நீண்ட பிரதான வீதி, அதுவும் விபத்துக்குப் பேர்போனது. 2014 ஒக்டோபரில் டன்பிளேன் தொடக்கம் இன்வெர்னஸ் வரைக்கும் சராசரி வேகக் கமராக்களைப் பூட்டினார்கள். அங்கேயும் சனம் எதிர்த்தது, “கமரா தீர்வில்லை” என்று இயக்கமே நடத்தியது. பூட்டிய பிறகு வேகம் குறைந்தது, இறப்பும் கடும் காயமும் குறைந்தன.

சராசரி வேகக் கமரா என்பதைக் கவனியுங்கள். தனிக் கமரா ஒன்றைப் பூட்டினால் அந்த இடத்தில் பிரேக், தாண்டின பிறகு முறுக்கு என்ற பழைய கூத்துத்தான் திரும்ப வரும். சராசரிக் கமரா இரண்டு இடத்தில் இருக்கும். முதலாவது உங்கள் நம்பர் பிளேட்டையும் நேரத்தையும் குறிக்கும், இரண்டாவதும் அப்படியே. இரண்டுக்கும் இடையில் 35 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 70இல் வந்தால் முப்பது நிமிடம் எடுக்கவேண்டும். 21 நிமிடத்தில் வந்து சேர்ந்தால் நீங்கள் சராசரியாக 100இல் வந்திருக்கிறீர்கள். எங்கே பிரேக் அடித்தீர்கள், யார் லைட் அடித்துச் சொன்னார்கள் என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை. மாங்குளம், கிளிநொச்சி, ஆனையிறவு என்று நீளுகிற எங்கட நேர்கோட்டுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. பொலிஸ் நித்திரைக்குப் போன பிறகு, விடியப்புறம் மூன்று மணிக்கு, கொழும்புப் பஸ்கள் ஒன்றையொன்று முந்துகிற நேரத்திலும் அது கணக்கெடுக்கும்.

ஸ்கொட்லாந்துக்காரர் செய்த இன்னொரு விசயமும் இருக்கிறது. கமரா பூட்டிய அதே நேரத்தில் பாரவண்டிகளின் வேக எல்லையை மணிக்கு 40 மைலில் இருந்து 50 மைலுக்கு ஒரு பரீட்சார்த்தமாக உயர்த்தினார்கள். லொறிக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து பொறுமை இழந்து முந்துகிறவர்கள்தான் நேருக்கு நேர் மோதுகிறார்கள் என்று கணக்குப் போட்டார்கள். சனம் ஏன் பிழை விடுகிறது என்று யோசித்துச் செய்தார்கள். “பொடியளுக்குச் சொல்லிக் கேளாது” என்பதோடு நிற்கவில்லை.

கமராவுக்கு இன்னொரு நன்மை இருக்கிறது, இதை யாரும் கதைப்பதில்லை. வீதியில் பொலிஸ் எழுதுகிற தண்டம் சாரதியின் தலையில் விழுகிறது. கமராவின் கடிதம் வாகனச் சொந்தக்காரரின் வீட்டுக்குப் போகிறது. டிப்பர் ஓட்டுகிற பொடியனுக்கு லோட் கணக்கில் சம்பளம். நாலு லோட் அடித்தால் ஒரு காசு, ஆறு லோட் அடித்தால் இன்னொரு காசு. தனியார் பஸ் சாரதிக்கு அன்றைய வசூலில்தான் சீவியம். முன்னுக்குப் போகிற பஸ்ஸை முந்தினால்தான் அடுத்த தரிப்பிடத்தில் சனம் ஏறும். வேகத்தை ஓட்டுகிறவர் தனியாகக் கண்டுபிடிக்கவில்லை, முதலாளி சம்பளம் கொடுக்கிற விதத்திலேயே அது இருக்கிறது. மாதம் முடிய ஐந்து கடிதம் முதலாளியின் மேசைக்கு வந்தால்தான் “மெதுவாப் போ தம்பி” என்ற வார்த்தை அவர் வாயில் இருந்து வரும். அதற்குச் சட்டமும் துணை நிற்கவேண்டும். தண்டத்தைச் சாரதியின் சம்பளத்தில் முதலாளி வெட்டினால் அது குற்றம் என்று ஆகவேண்டும்.

“இன்னும் ஒரு கண்ணா?”

இனி எங்கட தோழர்களின் கோபத்துக்கு வருவோம். அது நியாயமான கோபம். மே 18இல் முள்ளிவாய்க்காலுக்குப் போகிறவர்களையும் நவம்பர் 27இல் துயிலும் இல்லங்களுக்குப் போகிறவர்களையும் சிவில் உடுப்பில் நின்று போனில் படமெடுப்பவர்களை நாங்கள் எல்லாரும் கண்டிருக்கிறோம். 1979இல் “தற்காலிக” ஏற்பாடு என்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் எத்தனை குடும்பம் அலைந்தது என்பதும் எங்களுக்குக் கதை இல்லை. பரந்தன் சந்தியில் நம்பர் பிளேட் வாசிக்கிற கமரா நின்றால், எந்த வாகனம் எத்தனை மணிக்கு முல்லைத்தீவுப் பக்கம் திரும்பியது என்ற பட்டியல் யார் கைக்குப் போகும்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் கமராவுக்குக் கை தட்டுகிறவர்கள் இந்த மண்ணில் வாழவில்லை என்றுதான் அர்த்தம்.

ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் “கமரா வேண்டாம்” என்பதா? கமரா இல்லாத இன்றைக்கும் எங்களைப் படமெடுக்கிறார்கள். பார்க்கவேண்டும் என்று நினைக்கிறவர்கள் வேகக் கமராவுக்காகக் காத்திருக்கவில்லை. கொழும்பில் 2024 ஜனவரி 22இல் இருந்து சிசிடிவி மூலம் போக்குவரத்துக் குற்றங்களைப் பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அது இங்கேயும் வரத்தான் போகிறது. எங்களைக் கேட்டு வருமா, கேட்காமல் வருமா என்பதுதான் மிச்சமிருக்கிற கேள்வி. “வேண்டாம்” என்று சொல்லிவிட்டு விலகி நின்றால், எந்த நிபந்தனையும் இல்லாத கமராதான் வரும். அப்போது சாவும் குறையாது, கண்காணிப்பும் குறையாது.

கண்காணிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்னொரு பக்கத்தையும் பார்க்கவேண்டும். வீதியில் சாகிற பிள்ளையின் அம்மாவிடம் போய் “நாங்கள் தனியுரிமைக்காகக் கமராவை எதிர்த்தோம்” என்று சொல்ல எங்களால் ஏலுமா? தனியுரிமையையும் உயிரையும் தராசின் இரண்டு தட்டில் வைக்கிற வேலையை அரசு செய்யும். அந்தத் தராசை நாங்களும் தூக்கத் தேவையில்லை. இரண்டையும் கேட்கலாம்.

எங்கட நிபந்தனைகள்

ஒன்று, கமரா எல்லாரையும் பார்க்கவேண்டும். ஆமி, நேவி, பொலிஸ் வாகனங்கள், அமைச்சர்களின் தொடரணி, எல்லாம். அவசரத்துக்குப் போகிற அம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் மட்டும் விலக்கு. எத்தனை அரச வாகனங்களுக்குத் தண்டம் போனது என்ற கணக்கு ஒவ்வொரு மாதமும் வெளியாகவேண்டும். கமராவுக்கு ஆள் பேதம் தெரியாது என்பது அரைவாசி உண்மைதான். அமெரிக்காவின் சிக்காகோ நகரில் கமரா அனுப்பிய தண்டச் சீட்டுகள் கறுப்பின, லத்தீன் மக்கள் வாழும் பகுதிகளுக்கே மற்றப் பகுதிகளைவிட இரண்டு மடங்கு வீதத்தில் போயின என்று 2022இல் ஊடக ஆய்வு ஒன்று காட்டியது. கமரா ஆளைப் பார்ப்பதில்லை. ஆனால் அதை எங்கே நடுவது, யாரை விடுவது என்று முடிவெடுப்பவர்கள் பார்ப்பார்கள்.

இரண்டு, சனம் சாகிற இடத்தில் பூட்டவேண்டும், காசு விழுகிற இடத்தில் இல்லை. இடங்களைத் தெரிவு செய்த விபத்துக் கணக்கு பகிரங்கமாக இருக்கவேண்டும். கமராவுக்கு முன்னாலேயே மூன்று மொழியிலும் பெரிய பலகை வேண்டும். ஒளித்து நின்று பிடிக்கிற வேலை வேண்டாம். மெதுவாகப் போக வைப்பதுதான் நோக்கம் என்றால் ஒளிக்க என்ன இருக்கிறது?

மூன்று, காசு வீதிக்குத் திரும்பவேண்டும். தண்டக் காசில் பங்கு என்று கமராக் கொம்பனியோடு ஒப்பந்தம் போடக்கூடாது. பங்கு கொடுத்தால் கொம்பனிக்கு விபத்துக் குறையாமல் இருப்பதுதான் லாபம். பிரித்தானியாவில் தண்டக் காசிலேயே கமராவை நடத்துகிற முறை இருந்தது. “இது காசு பறிக்கிற பெட்டி” என்ற கோபம் வளர்ந்து, 2007இல் அந்த முறையைக் கைவிட்டார்கள். சிக்காகோவில் கமராக் கொம்பனியிடம் லஞ்சம் வாங்கிய முன்னாள் நகர அதிகாரி 2016இல் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டார். பக்கத்தில் கேரளாவில் 2023 ஜூனில் 726 கமராக்கள் வேலை தொடங்கியபோது, தண்டத்தைவிட ஒப்பந்தத்தைப் பற்றித்தான் கூடச் சண்டை நடந்தது. ஒப்பந்தப் பத்திரம் வெளியில் வராத கமராவை எங்கட வீதியில் நடவிடக்கூடாது.

நான்கு, வேகமாகப் போகாத வாகனத்தின் பதிவு உடனே அழியவேண்டும். சராசரிக் கமரா எல்லா நம்பர் பிளேட்டையும் வாசிக்கத்தான் செய்யும், அது அந்த முறையின் இயல்பு. ஆனால் 70க்குள் வந்து சேர்ந்த வாகனத்தின் தகவலை ஒரு நாள்கூட வைத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. வேறு எந்தப் பிரிவுக்கும், நீதிமன்றக் கட்டளை இல்லாமல், ஒரு இலக்கம்கூடப் போகக்கூடாது. 2022இன் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நிறைவேற்றினார்கள், முழுதாக நடைமுறைக்குக் கொண்டுவருவதைத் தள்ளிப் போட்டார்கள். அந்தச் சட்டம் முழுமையாக வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் கமராவின் கண் திறக்கவேண்டும்.

ஐந்து, கடிதம் தமிழில் வரவேண்டும். வடக்குக் கிழக்கில் இருக்கிறவருக்கு விளங்காத மொழியில் தண்டக் கடிதம் அனுப்பி, பதினான்கு நாளில் பதில் போடு என்றால் அது சட்டம் இல்லை, மிரட்டல். படம், இடம், நேரம், அளந்த வேகம், மறுக்கிற வழி எல்லாம் அதே கடிதத்தில் இருக்கவேண்டும். மறுக்கிறவர் கொழும்புக்கு அலையாமல் தன் பிரதேசத்திலேயே மறுக்க முடியவேண்டும்.

இதோடு சேர்த்து எங்கட பக்கத்தில் திருத்தவேண்டியதும் இருக்கிறது. எங்கட ஊரில் எத்தனை மோட்டார் சைக்கிள் இன்னும் ஓப்பின் பேப்பரில் ஓடுகிறது? மூன்று கை மாறின வண்டிக்கு முதல் சொந்தக்காரரின் பெயர்தான் பதிவில் இருக்கும். கமரா வந்தால் கடிதம் அவருக்குத்தான் போகும். ஓடினவர் ஒருவர், கட்டுகிறவர் இன்னொருவர். பெயர் மாற்றுகிற செலவையும் அலைச்சலையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் குறைக்கவேண்டும். மாவட்டம் மாவட்டமாக நடமாடும் சேவை வைத்துப் பதிவுகளைச் சரிசெய்த பிறகுதான் தண்டம் தொடங்கவேண்டும்.

கமரா செய்யாதது

கமராவால் முடியாததையும் சொல்லவேண்டும். 2025 மே 11இல் கொத்மலை கரண்டி எல்லப் பகுதியில் பஸ் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வருடம் செப்டெம்பர் 4இல் எல்ல–வெல்லவாய வீதியில் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். வேகக் கமரா இருந்திருந்தால் அவர்கள் இருந்திருப்பார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. மலைவீதியின் ஓரத்தில் பலமான தடுப்பு, வாகனத்தின் தகுதி, சாரதியின் நித்திரை, ஏற்றுகிற ஆள் தொகை என்று அங்கே கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. ஸ்கொட்லாந்திலும் கமரா பூட்டினதோடு சாவு நிற்கவில்லை. வீதி முழுவதையும் இரட்டை வழியாக்கு என்று அந்தச் சனம் இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. 2025க்குள் முடிப்போம் என்று அவர்களின் அரசு கொடுத்த வாக்கும் பொய்த்துப் போனது.

ஆகவே கமராவைப் பூட்டிவிட்டுக் கை கழுவ விடக்கூடாது. பள்ளிக்கூட வாசலில் மஞ்சள் கடவையும் வேகத்தடையும், சந்தியில் வெளிச்சம், சைக்கிளுக்கு ஒதுக்கின ஓரம், மாட்டுக்காரருக்குப் பொறுப்பு, இரவில் ஓடுகிற ஒவ்வொரு லான்ட்மாஸ்டருக்கும் பின்னால் ஒளி தெறிக்கிற ஒட்டி. இந்த ஒட்டிக்கு எவ்வளவு காசு முடியும்? ஒரு பனர் அடிக்கிற காசில் ஒரு ஊருக்கே ஒட்டலாம்.

நாங்கள் என்ன செய்யலாம்?

2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்கள் கையில் இருக்கிறது. உங்கட பொலிஸ் பிரிவில் கடந்த ஐந்து வருடத்தில் எந்த எந்த இடத்தில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று தமிழில் எழுதிக் கேளுங்கள். கமரா வாங்குகிற திட்டம் இருக்கிறதா, யாரோடு ஒப்பந்தம், தரவு எங்கே தங்கும் என்று கேளுங்கள். பதில் வந்தால் எங்களுக்கு அனுப்புங்கள், ஒவ்வொரு பிரிவாக வரைபடத்தில் குறித்து இங்கேயே போடுவோம். பதில் வராவிட்டால் அதையும் போடுவோம். பிரதேச சபை உறுப்பினர் அடுத்த முறை வாசிகசாலைக்கு வரும்போது கிரிக்கெட் பந்து கேட்காமல் மஞ்சள் கடவை கேளுங்கள்.

இன்னொன்று இருக்கிறது, அதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. எதிரே வருகிறவருக்கு இனி லைட் அடிக்காதீர்கள். “பொலிஸ் நிக்குது” என்று நாங்கள் காட்டுகிற அந்த ஒற்றுமை எங்களுக்குப் பெருமையாக இருக்கிறது. அரசை ஏமாற்றின மாதிரி ஒரு சந்தோசம். ஆனால் அந்த லைட்டால் தப்பிப் போகிறவர் அடுத்த ஊரில் யாரின் பிள்ளையை மோதுவார் என்று எங்களுக்குத் தெரியாது. அரசோடு எங்களுக்கு இருக்கிற கணக்கு பெரியது. அதை வீதியைக் கடக்கிற பிள்ளையை வைத்துத் தீர்க்க ஏலாது.

கமரா வரட்டும். நிபந்தனையோடு வரட்டும். எங்களைப் பார்க்கிற அதே கண்ணால் டிப்பர் முதலாளியையும் அமைச்சரையும் ஆமி ட்ரக்கையும் பார்க்கட்டும். பார்த்ததில் தேவையில்லாததை மறக்கட்டும். அப்படியான ஒரு கமராவுக்கு முன்னால் 70இல் போக எங்களுக்கு வெட்கமில்லை.